விடுபட்ட ஓர் எண்: இராமானுஜனின் மிகு பகு எண் அட்டவணையும் அதன் இடைவெளியும்

1. ஆய்வுக்குரிய வினா

சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதவியல் கழகத்தின் ஆய்வேட்டில் மிகு பகு எண்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அறுபது பக்கங்களுக்கும் மேற்பட்டது. 1916ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வின்வழி இளங்கலைப் பட்டம் வழங்கியபோது அதற்கு அடிப்படையாக அமைந்ததும் இதுவே. அக்கட்டுரையில் 2 என்ற எண்ணில் தொடங்கி 67,46,32,83,88,800 என்ற பதின்மூன்று இலக்க எண்ணில் முடியும் ஓர் அட்டவணை உள்ளது. அவ்வெல்லைக்குள் வரவேண்டிய எண்களில் ஒன்று மட்டும் அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை. விடுபட்ட அந்த எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

கணித வரலாற்று நூல்களில் இச்செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியில் சொல்லப்பட்டு, மேதைக்கும் அடி சறுக்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டுக் கடந்துபோகிறது. ஆனால் அந்த எண் எத்தகைய உள்ளமைப்பைக் கொண்டது, அது விடுபட்டதால் இராமானுஜனின் தேற்றங்களுக்குக் குறை நேர்கிறதா, குறை இல்லையெனில் அந்த இடைவெளி எதைப் புலப்படுத்துகிறது என்னும் வினாக்கள் தனியே ஆராயத்தக்கவை. இக்கட்டுரை விடுபட்ட எண்ணின் பண்புகளை அதன் அண்டை எண்களோடு ஒப்பிட்டு அவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

2. மிகு பகு எண் என்னும் கருத்து

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். 12 என்ற எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. 12ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்கும் எண்ணையே இராமானுஜன் மிகு பகு எண் என்று வரையறுத்தார். 1ஆலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் வகுபடாத பகா எண்ணுக்கு நேர் எதிரான முனையில் நிற்பது மிகு பகு எண் ஆகும். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை தொடங்குகிறது.

இக்கருத்தின் பயன்பாடு இராமானுஜனுக்கு மிக முந்தையது. நாளை 24 மணியாகவும், மணியை 60 நிமிடமாகவும், வட்டத்தை 360 பாகையாகவும், தமிழ் வழக்கில் நாளை 60 நாழிகையாகவும் பகுத்தவர்கள் பல வகையாகப் பங்கிடத் தோதான எண்களையே தேர்ந்தனர். இவை அனைத்தும் மிகு பகு எண்களே. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் உரையாடலில் இலட்சிய நகரின் குடிமக்கள் தொகையாக 5040ஐப் பரிந்துரைத்ததற்கும் அதன் வகுத்திகள் பல என்பதே காரணம். இவற்றைத் தனித்தனி எண்களாக விடாமல் ஒரே வரிசையாகக் கொண்டு, அதன் பொது விதிகளை முறையாக நிறுவியதில்தான் இராமானுஜனின் பங்களிப்பு அடங்கியுள்ளது.

தமிழில் இராமானுஜனைப் பற்றிய எழுத்துகள் 1729ஐச் சுற்றியே அதிகம் வலம்வருகின்றன. இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்ற வகையில் அது சிறப்புடையதே என்றாலும், வகுத்திகளைப் பொறுத்தமட்டில் அது வறியது. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலனான 1729க்கு எட்டு வகுத்திகளே உள்ளன, அதைவிடச் சிறியதான 1680க்கோ நாற்பது வகுத்திகள் உள்ளன. இராமானுஜன் ஆண்டுக்கணக்கில் உழைத்தது 1680 போன்ற எண்களின் மீதே.

3. விடுபட்ட எண்ணின் உள்ளமைப்பு

எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கற்பலனாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். விடுபட்ட எண்ணின் பகாக் காரணி வடிவம் பின்வருமாறு:

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுத்திகளின் எண்ணிக்கையைக் காண, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பனவற்றைப் பெருக்கினால் போதும். இரண்டின் அடுக்கு 6 என்பதால், ஒரு வகுத்தியில் இரண்டு ஒருமுறையும் வராமலிருப்பது முதல் ஆறு முறை வருவது வரை ஏழு வாய்ப்புகள் உள்ளன. ஏனையவற்றுக்கும் இதே விதி பொருந்தும். ஆகவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 என வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. பிளேட்டோவின் எண் இங்கு மீண்டும் தோன்றுவது வியப்பளிக்கலாம். ஆயினும் சிறிய பகா எண்களே மிகுந்துவரும் பெருக்கற்பலன்கள் தாமும் பல வகுத்திகள் உடையனவாக அமைவது இயல்பாதலால், இதில் தற்செயலுக்கு மேற்பட்ட பொருள் தேட வேண்டியதில்லை.

இந்த வடிவம் இராமானுஜன் நிறுவிய அமைப்பு விதிகளுக்கு முற்றிலும் இணங்குகிறது. முதலாவதாக, ஒரு மிகு பகு எண்ணில் பகா எண்கள் இரண்டிலிருந்து தொடங்கி இடைவிடாமல் வரவேண்டும். இடையில் ஒன்று விடுபட்டால், அதைவிடப் பெரியதொரு காரணியின் இடத்தில் விடுபட்டதை வைத்து, வகுத்திகள் குறையாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். இரண்டாவதாக, அடுக்குகள் ஏறாமல் இறங்கு வரிசையிலோ சமமாகவோ அமைய வேண்டும். மூன்றின் அடுக்கு இரண்டின் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றி அதே எண்ணிக்கையில் வகுத்திகள் உடைய சிறிய எண்ணைப் பெறலாம். மூன்றாவதாக, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற மிகு பகு எண்கள் அனைத்திலும் மிகப் பெரிய பகாக் காரணியின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். விடுபட்ட எண்ணில் இரண்டு முதல் 19 வரை எல்லாப் பகா எண்களும் உள்ளன. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்குகின்றன. இறுதி அடுக்கு ஒன்று. எனவே விதிகளுக்குப் புறம்பான வடிவம் காரணமாக இந்த எண் கவனத்திலிருந்து தப்பியது என்று கூற இடமில்லை.

4. அட்டவணை முரண்படும் இடம்

அச்சான அட்டவணையில் 4800 வகுத்திகளைக் கொண்ட 2,40,94,02,99,600 என்ற எண்ணை அடுத்து, 5376 வகுத்திகளைக் கொண்ட 3,21,25,37,32,800 வருகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதன் பொருள், இரண்டாவது எண்ணைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 4800க்கு மேற்பட்ட வகுத்திகள் இல்லை என்பதே. ஆனால் விடுபட்ட எண் இரண்டாவதைவிடச் சிறியது. அதன் வகுத்திகளோ 5040. ஆகவே அட்டவணையில் இடைவெளி இருப்பதை மெய்ப்பிக்க ஒரேயொரு பெருக்கல் போதுமானது.

விடுபட்ட எண்ணுக்கும் இந்த இரண்டாவது எண்ணுக்கும் உள்ள உறவு மிக எளிமையானது. 3,21,25,37,32,800 என்ற எண் 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 ஆகும். இதிலிருந்து 23ஐ நீக்கினால் வகுத்திகள் பாதியாகி 2688 ஆகக் குறைகின்றன. நீக்கிய 23க்கு ஈடாக ஒரு மூன்றைச் சேர்த்தால் அவை நான்குக்கு ஐந்து என்ற வீதத்தில் பெருகி 3360 ஆகின்றன. மேலும் ஓர் ஏழைச் சேர்த்தால் ஒன்றரை மடங்காகி 5040ஐ எட்டுகின்றன. சுருங்கச் சொன்னால், 23ஐ எடுத்துவிட்டு 21ஐ வைத்தால் விடுபட்ட எண் கிடைக்கிறது. எண் சற்றே சிறிதாகிறது, வகுத்திகளும் சற்றே குறைகின்றன.

இதைவிடக் குறிப்பிடத்தக்க உறவு ஒன்று அட்டவணையின் கடைசி எண்ணில் உள்ளது. 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 என்னும் அந்த ஈற்றெண்ணின் காரணி வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அதன் வகுத்திகள் 10,080. இவ்வடிவத்தை விடுபட்ட எண்ணின் வடிவத்தோடு ஒப்பிடுவோர், ஈற்றெண் என்பது விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு என்பதைக் காணலாம். இராமானுஜன் தவறவிட்ட எண்ணே அவர் கணக்கிட்டுச் சேர்த்த மிகப் பெரிய எண்ணுக்குள் வகுத்தியாக அடங்கியிருக்கிறது.

5. வழக்கிலுள்ள விளக்கங்களின் மதிப்பீடு

இந்த இடைவெளிக்கு மூன்று வகையான விளக்கங்கள் எண்ணத்தக்கவை. இராமானுஜனின் கோட்பாட்டிலேயே ஓர் ஓட்டை இருந்தது என்பது முதலாவது. மேலே கண்டவாறு, அமைப்பு விதிகள் ஒவ்வொன்றும் விடுபட்ட எண்ணுக்குப் பொருந்துவதால் இவ்விளக்கம் நிற்கவில்லை. அடுத்தடுத்து வரும் இரு மிகு பகு எண்களின் விகிதம், எண்கள் பெருகப் பெருக ஒன்றை நெருங்கும் என்னும் அவரது தேற்றமும் இதனால் பாதிக்கப்படவில்லை. இடையில் ஓர் எண் கூடுதலாகச் சேர்வது அத்தேற்றத்துக்குச் சாதகமானதே ஆகும்.

இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தும் கவனக்குறைவால் தவறிவிட்டது என்பது இரண்டாவது விளக்கம். அட்டவணையின் அப்பகுதியை நோக்கினால் இதற்கும் வலுவில்லை. 2,40,94,02,99,600க்கும் 3,21,25,37,32,800க்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு நான்கு. அதற்கு முந்தைய தாவல், அதாவது 1,60,62,68,66,400இலிருந்து 2,40,94,02,99,600க்குச் செல்வது, இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்து இதைவிடப் பெரிதாக உள்ளது. பிந்தைய தாவலும் அவ்வாறே இரண்டுக்கு மூன்றாக உள்ளது. பெரிய தாவல்கள் இரண்டுக்கு நடுவே சற்றுச் சிறிய தாவலாகத் தோன்றியதால், அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்ற ஐயம் எழ இடமே இல்லாமல் போனது.

கோட்பாடு முடியும் இடத்தில் தேடல் தொடங்குகிறது, அத்தேடலில் நேர்ந்த விடுபாடே இது என்பது மூன்றாவது விளக்கம். இதற்கு இராமானுஜனின் கட்டுரையே சான்று தருகிறது. அடுத்தடுத்த மிகு பகு எண்களைக் கண்டறிய, சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு முறை எதுவும் தமக்குத் தெரியவில்லை என்னும் கருத்தை அவர் அதில் ஒளிவின்றிக் கூறியிருக்கிறார். எந்த வடிவங்கள் தகுதி பெறும் என்பதை விதிகள் சொல்கின்றன. தகுதியுடைய வடிவங்களுள் எவை வெல்லும் என்பதைப் பெருக்கியும் ஒப்பிட்டும்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கணிப்பொறி இல்லாத காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் ஒப்பிடும்போது நூற்றுக்கு மேற்பட்ட எண்களில் ஒன்று மட்டும் தப்பியது என்பது, எத்தனை வடிவங்கள் சரியாகச் சோதிக்கப்பட்டன என்பதற்கும் சான்றாகிறது.

6. மேம்பட்ட எண்கள் தரும் வரம்பு

மூன்றாவது விளக்கத்தை மேலும் துல்லியமாகச் சோதிக்க இராமானுஜனே உருவாக்கிய கருவி ஒன்று உதவுகிறது. மிகு பகு எண்களுள் ஒரு சிறப்புப் பிரிவை அவர் மேம்பட்ட மிகு பகு எண்கள் என்று பிரித்து, அட்டவணையில் அவற்றை உடுக்குறியிட்டுக் காட்டினார். ஒரு குறிப்பிட்ட பின்ன அடுக்கைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையையும் அந்த எண்ணின் அவ்வடுக்கு மதிப்பால் வகுத்துவந்தால், கிடைக்கும் ஈவு எந்த எண்ணில் உச்சம் பெறுகிறதோ அதுவே மேம்பட்ட எண். இவ்வெண்களைக் காணச் சோதனை தேவையில்லை; பின்ன அடுக்கைச் சொன்னால் ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வரவேண்டும் என்பதை நேரடியான ஒரு வாய்பாடு சொல்லிவிடும்.

விடுபட்ட எண்ணின் உடனடி அண்டையான 3,21,25,37,32,800 இத்தகைய மேம்பட்ட எண்ணே. அதற்கு முந்தைய மேம்பட்ட எண் அதன் 23இல் ஒரு பங்கான 13,96,75,53,600. இவ்விரண்டும் ஒருசேர உச்சம் பெறும் பின்ன அடுக்கு, 2இன் மடக்கையை 23இன் மடக்கையால் வகுத்தால் கிடைக்கும் 0.2211 ஆகும். இவ்வடுக்கைக் கொண்டு கணக்கிட்டால், விடுபட்ட எண்ணையோ அதைவிடச் சிறிய எந்த எண்ணையோ எடுத்துக்கொண்டாலும் அதன் வகுத்திகள் 5268ஐத் தாண்ட முடியாது என்பது நிறுவப்படுகிறது. விடுபட்ட எண் 5040 வகுத்திகளோடு இவ்வரம்பில் ஏறத்தாழ 95.7 விழுக்காட்டை எட்டுகிறது. அட்டவணையில் இடம்பெற்ற 2,40,94,02,99,600 என்ற எண்ணுக்கு இதே முறையில் கிடைக்கும் வரம்பு 5044. அதன் 4800 வகுத்திகள் அவ்வரம்பில் ஏறத்தாழ 95.1 விழுக்காடு மட்டுமே. ஆகவே விடுபட்ட எண், இடம்பெற்ற அண்டை எண்ணைவிடத் தரத்தில் ஒருபடி மேலானது. அதே வேளையில், 5040க்கும் 5268க்கும் இடைப்பட்ட பகுதியைப் பற்றி இந்த வரம்பு எதுவும் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியை நிரப்புவதற்கே சோதனை தேவைப்படுகிறது.

எளிய சரிபார்ப்பு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்ததா என்பதும் வினவத்தக்கது. அட்டவணையின் பிற்பகுதி எண்களை 23ஆல் வகுத்துப் பார்த்தால், 22,48,77,61,29,600 என்பதிலிருந்து 97,77,28,75,200 என்ற மிகு பகு எண்ணும், 33,73,16,41,94,400 என்பதிலிருந்து 1,46,65,93,12,800 என்ற மிகு பகு எண்ணும் கிடைக்கின்றன. இரண்டும் அட்டவணையில் உள்ளன. ஈற்றெண்ணை அதே போல வகுத்தால் விடுபட்ட எண் வெளிப்பட்டிருக்கும். எனினும் இதை ஒரு விதியாகக் கொள்ள இயலாது. 44,97,55,22,59,200 என்ற மிகு பகு எண்ணை 23ஆல் வகுத்தால் வரும் 1,95,54,57,50,400க்கு 4608 வகுத்திகள் உள்ளன, ஆனால் அதே 4608 வகுத்திகளை அதைவிடச் சிறிய 1,60,62,68,66,400 முன்பே பெற்றுவிட்டதால் அது மிகு பகு எண் ஆவதில்லை. எண்ணைத் தூண்டிக்காட்டும் குறிப்பாக மட்டுமே இவ்வகுத்தல் பயன்பட்டிருக்கும்.

7. பின்வந்த ஆய்வுகளின் ஒளியில்

இராமானுஜனின் கட்டுரை வெளியான காலத்தில் அதன் இடம் எது என்பதில் தயக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், இராமானுஜனின் கேம்பிரிட்ஜ் வழிகாட்டியான ஜி. எச். ஹார்டி, இப்பொருள் கணித ஆய்வின் முதன்மை நீரோட்டங்களுக்குச் சற்று ஒதுங்கி நிற்பது என்று மதிப்பிட்டார். அதே சமயம் அசமன்பாடுகளைக் கையாள்வதில் இராமானுஜன் காட்டிய தேர்ச்சியை அவர் பெரிதும் வியந்தார். போர்க்காலத்தில் இலண்டன் கணிதவியல் கழகம் பணநெருக்கடியில் இருந்ததால், எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாமலும் நின்றுபோனது.

ஒதுங்கிய துறை என்ற மதிப்பீடு நெடுநாள் நிலைக்கவில்லை. மிகு பகு எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதற்கு இராமானுஜன் கண்ட கீழ்வரம்பை 1944ஆம் ஆண்டு பால் ஏர்டோஷ் பெரிதும் உயர்த்தினார். அதே ஆண்டில் அலாவுக்ளுவும் ஏர்டோஷும் வகுத்திகளின் கூட்டுத்தொகையை முன்வைத்து இணையான எண் வகைகளை ஆராய்ந்தனர். 1971ஆம் ஆண்டு ஜான் லூயி நிக்கோலா மேல்வரம்பை நிறுவினார். ஒரு மிகு பகு எண் அருகிலுள்ள மேம்பட்ட எண்ணின் உச்சத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதை அளக்கும் 'ஆதாயம்' என்னும் அளவையும் நிக்கோலாவின் ஆய்வில் உருவானதே. முந்தைய பகுதியில் விழுக்காடாகத் தரப்பட்ட ஒப்பீடு அவ்வளவையின் எளிய வடிவமாகும். ஆதாயம் சிறிதாக உள்ள வடிவங்களை மட்டும் திரட்டிச் சோதிக்கும் முறையில், எந்த எண்ணும் தப்பாமல் பட்டியலிட வழி பிறந்தது.

1984ஆம் ஆண்டு கை ரோபன், வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றிய ஓர் அசமன்பாடு 5040க்கு மேற்பட்ட எண்கள் அனைத்துக்கும் பொருந்துமானால் ரீமன் கருதுகோள் உண்மையாகும், ரீமன் கருதுகோள் உண்மையானால் அந்த அசமன்பாடும் பொருந்தும் என்று நிறுவினார். பகா எண்களின் பரவலை விளக்கும் ரீமன் கருதுகோள் கணிதத்தின் தலையாய தீரா வினாக்களுள் ஒன்று என்பதால், வகுத்திகளை எண்ணும் இந்த ஆய்வு முதன்மை நீரோட்டத்துக்கு வந்துசேர்ந்தது. இராமானுஜன் அச்சிடாமல் விட்ட பகுதியிலும் ரீமன் கருதுகோளை ஏற்றுக்கொண்டு பெற்ற இத்தகைய வரம்புகள் இருந்தன. 'தொலைந்த குறிப்பேடு' என்ற பெயரில் 1988ஆம் ஆண்டு வெளியான நிழற்படிப் பதிப்பில் அப்பகுதி இடம்பெற்றது, 1997ஆம் ஆண்டு நிக்கோலாவும் ரோபனும் அதற்கு விளக்கக் குறிப்புகள் எழுதி வெளியிட்டனர்.

8. முடிவு

மேற்கண்ட ஒப்பீடுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. விடுபட்ட எண் இராமானுஜனின் அமைப்பு விதிகள் அனைத்தையும் நிறைவுசெய்வதால் அவரது கோட்பாட்டுக்கு அது மறுப்பாகாது. அட்டவணையின் அப்பகுதியில் தாவல்களின் அளவு ஐயத்தை எழுப்பாத வகையில் அமைந்திருந்ததாலும், மேம்பட்ட எண்கள் தரும் வரம்பு இறுதித் தீர்ப்பை வழங்கப் போதாததாலும், அந்த இடத்தில் தேடல் மட்டுமே துணையாக இருந்தது. தேற்றத்தால் தீர்ந்த பகுதிக்கும் உழைப்பால் நிரப்ப வேண்டிய பகுதிக்கும் இடையிலான எல்லை எங்கே ஓடுகிறது என்பதை, இடம்பெற்ற எண்களைவிட இடம்பெறாத ஓர் எண்ணே தெளிவாகக் காட்டுகிறது.

இராமானுஜனின் முடிவுகள் யாவும் உழைப்பின்றி உள்ளுணர்வால் வந்தவை என்னும் பரவலான எண்ணத்துக்கு இந்த அட்டவணை இடந்தருவதில்லை. உள்ளுணர்வால் வந்த பட்டியலாக இருந்தால் அதில் எண்கள் ஒன்று விடாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது பிழைகள் ஆங்காங்கே சிதறியிருக்க வேண்டும். இங்கு இருப்பதோ விதியால் வடிகட்டி, கையால் பெருக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்தவரின் கணக்கு. 1915ஆம் ஆண்டு அச்சான அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. 2 முதல் 67,46,32,83,88,800 வரை உள்ள மிகு பகு எண்கள் 103.